பன்னிரண்டு எம்எம் ஊஞ்சல்

லாஸ்பேட்டையில் அந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்குப் பிரான்சிலிருந்து பார்சல் வந்தால் சென்ட் பாட்டில் வரும், சாக்லேட் வரும். லினெட் வீட்டுக்கு வந்தது, வெல்டிங் போடும்போது முகத்தில் மாட்டிக்கொள்கிற கவசம். "அக்கா அனுப்பியிருக்கா" என்று அவள் வாசலிலேயே நின்று பார்சலைப் பிரித்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் இரண்டு பேர் பார்த்தார்கள், அது போதாதா? சாயங்காலத்துக்குள் முனை மளிகைக் கடை வரைக்கும் சேதி போய்விட்டது. பிரெஞ்சு மிஸ்ஸுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றார்கள் சிலர். புருஷன்காரர் ஒன்றும் கேட்க மாட்டாரா என்றார்கள் சிலர். புருஷன்காரர் விக்டர், பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். பகலெல்லாம் பிறரிடம் 'மூச்சை இழுங்க, ஆடாதீங்க' என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் தாமும் மூச்சை இழுத்துக்கொண்டு ஆடாமல் இருக்கப் பழகியிருந்தார்.

வெல்டிங் மிஷின் ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கியது. காய்கறிப் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் உருவம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்ததும், லினெட் சுடிதாருக்கு மேல் விக்டரின் பழைய ஜீன்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு கார் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். கார் தெருவில் நின்று வெயில் காயும். அவள் வெல்டிங் ராடைப் பற்றவைத்தால் பக்கத்து வீட்டு டியூப்லைட் கண்ணடிக்கும். பூந்தொட்டி வைக்க, செருப்பு அடுக்க, தண்ணீர் கேனைக் கவிழ்க்க என்று வகைவகையாக ஸ்டாண்டு செய்து தெருவெல்லாம் கொடுத்திருந்தாள். அவளைக் கேலி பேசுகிற வாய்களும் அந்தக் கேன் தண்ணீரைத்தான் குடித்தன.

எல்லாமே மெலிசுப் பைப்பு. நகத்தால் தட்டினால் 'டிங்' என்கிற ரகம். அதற்கு மேல் அவளுக்கும் வேலை வந்ததில்லை, மிஷினுக்கும் வந்ததில்லை. பக்கத்து வீட்டு தனக்கொடிக்கு ஊஞ்சல் ஆசை வருகிறவரைக்கும்.

தனக்கொடியின் வீட்டுக்காரர் ராமலிங்கத்துக்கு அறுபது முடிகிறது. அறுபதாம் கல்யாணம் தெருவிலேயே பந்தல் போட்டு நடப்பதாக ஏற்பாடு. அதற்குள் தனக்கொடி டவுனில் ஏதோ மண்டபத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய், பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்காரவைத்து ஆட்டியதைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வேறு பேச்சு கிடையாது.

"நம்ம பக்கம் ஊஞ்சல் வழக்கமே இல்லியே" என்றார் ராமலிங்கம்.

"அறுபதாங் கல்யாணம் மட்டும் நம்ம வழக்கமா? உங்கப்பா பண்ணிக்கிட்டாரா? அதுக்கு ஐயரைச் சொல்லிட்டு வந்தீங்கல்ல, இதுக்கு மட்டும் வழக்கம் பாக்கறீங்க."

ராமலிங்கம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தனக்கொடிக்கு எதிரில் அவரிடம் பதில் இருந்ததாகத் தெருவில் யாரும் சாட்சி சொல்ல முடியாது.

ஆனால் லினெட்டிடம் மாத்திரம் தனக்கொடி விஷயத்தைச் சொன்னாள். அந்த நாளில் அவர்கள் கல்யாணத்தன்றைக்கே ராமலிங்கத்துக்கு சர்வீஸ் கமிஷன் பரீட்சை. தாலி கட்டிய கையோடு மாலையைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். "பாசாயிட்டாரு, வேலையும் கெடைச்சுது, நான் ஒண்ணும் கொறை சொல்லல மிஸ். ஆனா அன்னிக்கு முழுக்க மேடையில நான் ஒத்தையா உக்காந்திருந்தேன். வந்தவங்கல்லாம் மாப்ள எங்கன்னு கேட்டாங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லாரும் பாக்க இந்த மனுஷன் பக்கத்துல அவசரமில்லாம உக்காரணும். நாற்காலின்னா போன் வந்துதுன்னு எழுந்து போயிடுவாரு. ஊஞ்சல்னா எழுந்திருக்க முடியாது."

இதைக் கேட்டபின் எந்தப் பெண்ணால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

சிக்கல், தனக்கொடி இருப்பது வாடகை வீடு. கூரையில் கொக்கி போட வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். வாடகைக்குக் கிடைக்கிற அலங்கார ஊஞ்சல்கள் எல்லாம் ஒல்லி மணப்பெண்களை மனதில் வைத்துச் செய்தவை. ராமலிங்கமும் தனக்கொடியும் ஸ்கூட்டரில் ஏறினால் பின் டயர் பெருமூச்சு விடும். பலகையும் சங்கிலியும் உறவுக்காரர் வீட்டில் இருக்கின்றன. மாட்டுவதற்கு ஒரு நல்ல சட்டம்தான் வேண்டும்.

"நான் பண்றேன்க்கா" என்று லினெட் சொன்னாள். சொன்ன நேரம்தான் சரியில்லை. தனக்கொடியின் தம்பி கோவிந்தசாமி அப்போது கூடத்தில் உட்கார்ந்து காராசேவு தின்றுகொண்டிருந்தார். அரியாங்குப்பத்தில் இரும்பும் சிமென்ட்டும் விற்கிறவர். இரும்பு என்ற சொல்லை அவரைக் கேட்காமல் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று நினைப்பவர்.

"மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. அது கம்மல் ஒட்டற மிஷின்."

"எவ்ளோ ஸ்டாண்டு பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"ஸ்டாண்டுல செருப்புதான மிஸ் உக்காருது? இங்க உக்காரப்போறது எங்க அக்காவும் மாமாவும். மேல சங்கிலி மாட்டற காது பன்னெண்டு எம்எம் பிளேட்டுல இருக்கணும். உங்க மிஷின் அதைப் பாத்தாலே அணைஞ்சுடும்."

"அனுப்பிப் பாருங்க. அணையுதா எரியுதான்னு பாக்கலாம்."

கேலிக்குச் சொன்னாளோ என்னவோ, மறுநாளே ஒரு குட்டி யானை வண்டி வந்து வாசலில் நின்றது. கால்களுக்குப் பைப்பு, குறுக்கே உத்தரமாகப் போட சேனல் என்கிற கனத்த இரும்பு, காதுகளுக்குப் பன்னிரண்டு எம்எம் பிளேட்டு, கூடவே பழகிப் பார்க்கச் சில துண்டுகள். இறக்கியபோது தரை அதிர்ந்தது. விக்டர் பிளேட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், பிறகு இரண்டு கையால் தூக்கிப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். "விழுந்தா எங்க வார்டுக்குத்தான் வருவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த ஒரு வரியை லினெட்டால் தள்ளிவிட முடியவில்லை. செருப்பு ஸ்டாண்டு ஒடிந்தால் செருப்பு விழும். இது ஒடிந்தால் விழப்போகிறவர்கள் மாலையும் கழுத்துமாக, சம்பந்திகள் முன்னால்.

முதல் சோதனை கேவலம். இரண்டு தடித்த துண்டுகளைச் சேர்த்து, மிஷினை உச்சத்துக்குத் திருகி, ஓரத்தில் ஒரே ஓட்டமாக வெல்டு ஓட்டினாள். பார்க்க அத்தனை அழகு, கொலுசுப் பின்னல் மாதிரி. சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு. துண்டு கழன்று போய்ச் செம்பருத்திச் செடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் அறுத்த கோடு அறுத்தபடியே பளபளக்கிறது. மேலே பூசியிருக்கிறதே தவிர, உள்ளே உருகவே இல்லை. தோசைக்கல் சூடேறாமல் மாவை ஊற்றியது போல.

லினெட் பள்ளிக்கூடத்திலேயே பெயிலானவர்களைத் திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதவைத்துப் பாஸாக்குகிற ஆள். தன்னையும் விடவில்லை. ஓய்வு நேரத்தில் போனில் வீடியோக்களாகப் பார்த்தாள். சின்ன மிஷின் ஒரே மூச்சில் தடித்த இரும்பைத் தின்னாது, வாய் வாயாக ஊட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டாள். பிளேட்டின் ஓரத்தைக் கைக் கிரைண்டரால் இருபுறமும் சரிவாகச் சீவினாள். அடியில் மெலிசு ராடால் முதல் வரிசை. அதன் மேல் படிந்த கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கியபின் இரண்டாம் வரிசை. அதற்கு மேல் மூன்று. நடுவில் மிஷின் சூடாகி மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலைநிறுத்தம் செய்யும். அப்போது இவளும் காபி குடிப்பாள், அதுவும் ஆறும். இரும்பு ஜில்லென்று இருந்தால் வெல்டின் சூட்டை இழுத்துக்கொள்கிறது என்று அதைக் கேஸ் அடுப்பிலும் ஏற்றினாள்.

"என்னா மிஸ், இரும்புத் தோசையா?" என்று தனக்கொடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஆமாக்கா, முறுகல்."

"மீன் கொழம்பு எப்ப வைப்பே?" என்று உள்ளிருந்து விக்டரின் குரல். நியாயமான கேள்விதான், அடுப்பில்தான் இடமில்லை.

அப்படிச் செய்த துண்டைச் சுத்தியலால் அடித்தாள், விக்டர் அடித்தார், பேச்சுக்கு வந்த ராமலிங்கமும் இரண்டு அடி போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு போனார். பிளேட்டு வளைந்தது. வெல்டு அசையவில்லை. "வுவாலா!" என்று லினெட் பிரெஞ்சில் கத்தியதில் தெரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

கால்களும் சட்டமும் அவளுக்குப் பழக்கமான கனம், சுலபமாக முடிந்தன. மிச்சம் சேனலில் ஒட்ட வேண்டிய இரண்டு காதுகள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில் காதுகளைச் சீவி, சேனல் மேல் நிறுத்தி, காதுக்கு நான்கு இடத்தில் புள்ளி வைத்து ஒட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்து வரிசையாக நிரப்பினால் முடிந்தது.

சாயங்காலம் வந்தாள். நிரப்பவும் ஆரம்பித்தாள். ஆனால் முதல் வரிசையிலேயே ராடு சடசடவென்று துப்பியது. வழக்கத்தில் இல்லாத மஞ்சள் புகை. புகையோடு ஒரு வாசனை வேறு, யார் வீட்டிலோ எண்ணெய்ச் சட்டி காய்கிற மாதிரி. கசடைத் தட்டிப் பார்த்தால் வெல்டு முழுக்க ஆப்பம் மாதிரி ஓட்டை. சீவி எடுத்துவிட்டு இன்னொரு பக்கம் போட்டாள். அங்கேயும் ஆப்பம்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தானே கோவிந்தசாமி வர வேண்டும்? பந்தல்காரரோடு பேச வந்தவர், மூக்கு இழுத்த பக்கம் இங்கே வந்து நின்றார். குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார்.

"நான் சொன்னா சின்ன மிஷின்னு கேலி பண்றேம்பீங்க. மிஸ், விட்டுடுங்க. ரெண்டு நாற்காலி போட்டுடலாம். யாருக்கும் ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

யாருக்குக் குறைந்துபோகும் என்பது லினெட்டுக்குத் தெரியும். அந்த ஆள் வேலி மேல் சாய்ந்து, வராத வருத்தத்தைக் கண்களில் வரவழைத்துக்கொண்டு நின்றார். லினெட் மிஷினை அணைத்தாள். கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதே மிஷின், அதே ராடு, அதே பிளேட்டு, அதே கை. புதன்கிழமை பாறை மாதிரி பிடித்தது, வெள்ளிக்கிழமை ஆப்பமா? ஒரு தடவை பாஸானவன் அதே கேள்விக்குப் பெயிலானால் கேள்வித்தாளில்தான் ஏதோ கோளாறு.

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, இன்னும் வெல்டு போடாத பள்ளத்துக்குள் விட்டுச் சுரண்டினாள். மஞ்சளாகப் பொடி வந்தது. துரு என்றால் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்? மூக்கருகே கொண்டுபோனாள். வெல்டிங் பட்டறையில் வரக்கூடாத வாசனை. சமையல்கட்டில் வர வேண்டியது.

"தனக்கொடியக்கா! கொஞ்சம் வாங்க."

தனக்கொடி வந்தாள். லினெட் கையிலிருந்த ஹேர்பின்னைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பிளேட்டை மட்டும் பார்க்கவில்லை.

"அக்கா, இதுல மஞ்சள் எப்படி வந்துது?"

"எந்த மஞ்சள்?"

"அக்கா."

"அது வந்து மிஸ்... பத்தரைக்குள்ள நல்ல நேரம். பந்தக்கால் நட்டோம். பந்தக்காலுக்கு மஞ்சள் பூசறோம், ஊஞ்சக்காலுக்குப் பூசாம விட்டா நல்லாருக்குமா? அதான் நல்லெண்ணெய் விட்டுக் கொழைச்சு லேசா..."

"லேசாவா? உள்ள வரைக்கும் போயிருக்கு!"

"அந்தப் பள்ளம் மட்டுந்தான் மிஸ் பளபளன்னு அழகா இருந்துச்சு. அங்கதான் வெரலை விட்டு நல்லாப் பூசினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

தனக்கொடி புடவைத் தலைப்பை முறுக்கினாள். "சொல்லலாம்னுதான் இருந்தேன். இவன்தான், மிஸ் வேதக்காரங்க, அவங்க செய்யற வேலைமேல நீ பூசை போட்டா மனசு கஷ்டப்படுவாங்கன்னான். அதான் மேலாப்பல தொடைச்சு விட்டுட்டேன்."

எல்லோரும் கோவிந்தசாமியைப் பார்த்தார்கள். கோவிந்தசாமி முதல்முறையாக இரும்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றார். "மரியாதைக்குத்தான சொன்னேன்" என்று முனகினார்.

லினெட்டுக்குக் கோபம்தான் வந்தது. வாயையும் திறந்துவிட்டாள். அதற்குள் சமையலறை ஜன்னலிலிருந்து விக்டர், இத்தனை வருஷம் இழுத்துப் பிடித்திருந்த மூச்சையெல்லாம் ஒன்றாக விட்டவர் மாதிரி, "காலையில நீ வில்லியனூர் மாதா கோயில் தீர்த்தத்தை மிஷின்மேல தெளிச்சியே, அதை அவங்ககிட்ட சொன்னியா?" என்றார்.

லினெட்டின் காது சிவந்தது. "அவங்க தப்பா நெனச்சுக்கக் கூடாதுன்னு..."

முதலில் சிரித்தது தனக்கொடி. உடம்பு மொத்தமும் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் லினெட். "மாதா தண்ணி தெளிச்சும் மஞ்சளை உள்ள விட்டுட்டாங்களே" என்று தனக்கொடி கேட்க, "மாதாவுக்கும் உங்க மேல மரியாதைக்கா" என்று லினெட் சொல்ல, ஆப்பம் மாதிரி வெல்டைச் சுற்றி நின்று எல்லோரும் சிரித்ததை எதிர்வீட்டு மாடி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் காயப்போடத் துணிகூட அங்கே இல்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. காலை காபி முடிந்ததும் லினெட் இரண்டு காதுகளையும் அறுத்து எடுத்தாள். எண்ணெய் போகத் துடைத்து, அடுப்பில் சுட்டு, மறுபடி வெள்ளி மாதிரி ஆகிறவரை சீவினாள். தனக்கொடி பக்கத்தில் முக்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். யாருக்கு எதிராகக் காவல் என்று யாரும் கேட்கவில்லை. தன் வீட்டு ஃபிரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அவளே அணைத்துவிட்டு வந்திருந்தாள், மிஷினுக்குக் கரண்டு குறையக் கூடாதாம். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் "இப்ப பூசலாமா?" என்று கேட்பாள். "ஐயோ அக்கா, இன்னும் மூணு வரிசை இருக்கு!" என்று கவசத்துக்குள்ளிருந்து குரல் வரும்.

ஐந்தாவது வரிசை ஆறியபோது மணி ஒன்று. கசடு தானாகவே ஒரு நீளத் தோலாக உரிந்து வந்தது. அடியில் சீராக, ஓட்டை இல்லாமல், சாம்பல் நிறத்தில் வெல்டு.

"பெரிய கம்பெனியில வெல்டை எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்களாம்" என்று லினெட் விக்டரைப் பார்த்தாள்.

"இதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய், பேஷன்ட் பேர் என்னன்னு எழுதச் சொல்றே?"

எக்ஸ்ரேக்குப் பதில் சிமென்ட் வந்தது. கோவிந்தசாமி தம் கடையிலிருந்து ஆறு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கேட்காமலே. பந்தலுக்குள் சட்டத்தை நிறுத்தி, போல்ட்டு முறுக்கி, சங்கிலி மாட்டிப் பலகையை ஏற்றினார்கள். லினெட் ஒருவரையும் விடவில்லை, முதலில் தானே ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். அப்புறம் மூட்டைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஆறும் ஏறியபோது கோவிந்தசாமி, "முந்நூறு கிலோ" என்று அறிவித்தார்.

தனக்கொடியின் முகம் மாறிவிட்டது. "எங்க ரெண்டு பேத்தையும் பாத்தா முந்நூறு கிலோவாடா தெரியுது ஒனக்கு?"

"ஒரு பாதுகாப்புக்குக்கா..."

"நான் மிஸ்கிட்ட என் வெயிட்டு அறுபத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்!"

லினெட் இருமினாள். அந்த அறுபத்தைந்தைத் தன் நோட்டில் அவள் எத்தனையாக மாற்றி எழுதிக்கொண்டாள் என்பது அவளுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

மூட்டைகளை ஆட்டிவிட்டார்கள். சங்கிலி முனகியது, சட்டம் முனகவில்லை. அரை மணி நேரம் ஆட்டியபின் லினெட் ஏணியில் ஏறி, காதுகளைச் சுற்றி டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்தாள். முடி அளவு விரிசல் இல்லை. கோவிந்தசாமியும் ஏணியில் ஏறினார். அவரும் தடவினார். வெகுநேரம் தடவினார். இறங்கி வந்து, "கம்மல் கடையிலேருந்து யாராவது கூப்ட்டா போயிடாதீங்க மிஸ். எனக்குக் கடைக்கு ஒரு கேட்டு வேணும்" என்றார்.

அதன்பிறகுதான் தனக்கொடிக்கு அனுமதி கிடைத்தது. ஏணியில் ஏறி, ஆறிப்போன வெல்டு மேல் ஆசை தீர மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். கொஞ்சம் லினெட்டின் கன்னத்திலும் ஒட்டியது, தவறுதலாகவா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்த கையோடு லினெட்டும் விக்டரும் பந்தலுக்கு வந்துவிட்டார்கள். ஐயர் புகை நடுவில் மந்திரம் சொன்னார். ராமலிங்கம் மறுபடியும் தாலி கட்டினார். மாலையோடு இருவரையும் அழைத்துவந்து ஊஞ்சலில் உட்காரவைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஊஞ்சலுக்கு என்ன பாடுவது என்று தெரியாது. ஒரு அத்தை நலுங்குப் பாட்டை ஆரம்பித்தாள், இன்னொருத்தி நடவுப் பாட்டுக்குப் போய்விட்டாள், நாதஸ்வரக்காரர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியாகப் போனார். யாரும் குறை சொல்லவில்லை.

ராமலிங்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். ஊஞ்சல் பின்னால் போயிற்று, அவரும் கூடவே போனார். மறுபடி முன்னால் வந்தபோது போனை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, காலால் தரையை ஒரு உந்து உந்தினார். அவருக்கே பிடித்துப்போய்விட்டது. இன்னொரு உந்து. தனக்கொடி "ஐயோ, மெதுவா" என்றாள், சிரித்துக்கொண்டே. சம்பந்தி அம்மாள் அரிசி தூவினாள். ஐயர், "போதும், இறங்கலாம், அடுத்தது ஆசீர்வாதம்" என்றார். இருவரும் காது கேட்காத மாதிரி ஆடினார்கள்.

லினெட் மட்டும் ஒரு தூணோரம் நின்றபடி, கழுத்தை அண்ணாந்து காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காது, வலது காது, இடது காது. ஊஞ்சல் ஒவ்வொரு முறை போய் வரும்போதும் அவள் மூச்சும் போய் வந்தது.

"மிஸ்! அங்க கம்பியில என்னா பாக்கறீங்க?" தனக்கொடி ஊஞ்சலிலிருந்தே கூவினாள். "அது எங்கயும் போவாது. இங்க பாருங்க, எங்களை!"

லினெட் கண்ணைக் கீழே இறக்கினாள். ராமலிங்கம் வேர்த்து விறுவிறுத்து, மாலை ஒருபக்கம் சரிந்து, மனைவியின் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தார். தனக்கொடி கால்களை முன்னால் நீட்டி, புதுப் பட்டுப்புடவை படபடக்க, வாய்கொள்ளாச் சிரிப்போடு அவளை நோக்கி வந்தாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள்.

"ஏங்க, இன்னும் கொஞ்சம் வேகமா!"